கல்மரக் காட்டுச் சண்டிகேசுவரர்

சிவாலயத்தை வலம் வரும்போது சண்டிகேசுவரர் சந்நிதியில் நின்று, இரு உள்ளங்கைகளையும் மெல்லத் துடைத்துக் காட்டிவிட்டு வருகிறோம். 'ஆலயத்திலிருந்து எதையும் எடுத்துச் செல்லவில்லை சுவாமி' என்று அவரிடம் கணக்கு ஒப்படைப்பதாக ஐதீகம். சிறு வயது முதல் ஆயிரம் முறையாவது நான் இதைச் செய்திருப்பேன். ஆயினும் அந்தச் செயலின் கனம் எனக்குப் புரிந்தது அறுபத்தெட்டாம் வயதில்தான். அதுவும் ஓர் ஆலயத்தில் அன்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பாலைநிலத்தின் நடுவே உள்ள ஒரு தேசியப் பூங்காவின் வாயிலில்.

அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், நாங்கள் ஏன் அங்கே சென்றோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

வீட்டை விட்டுப் புறப்பட்டோம்

நானும் என் கணவரும் அமெரிக்காவில் குடியேறி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. பாலங்கள் கட்டும் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். ஒகையோ மாநிலத்தில் நான்கு படுக்கையறைகள் கொண்ட வீட்டில் மகனையும் மகளையும் வளர்த்தோம். இருவரும் மணமாகி வெவ்வேறு ஊர்களுக்குச் சென்ற பின்பு, அந்தப் பெரிய வீட்டில் நாங்கள் புழங்கியது சமையலறை, பூஜையறை, ஒரு படுக்கையறை ஆகிய மூன்றில் மட்டுமே. குளிர்காலத்தில் வாசலில் பனி அள்ள வேண்டும். கோடையில் புல் வெட்ட வேண்டும். ஆண்டுதோறும் கூரையையும் குழாய்களையும் பார்த்தாக வேண்டும். "வீடு நமக்காக இருக்கிறதா, நாம் வீட்டுக்காக இருக்கிறோமா?" என்று ஒருநாள் அவர் கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

இல்லறக் கடமைகள் நிறைவேறி, பேரக் குழந்தையின் முகத்தையும் கண்ட பின், கணவனும் மனைவியும் வனம் புகுவதை நம் முன்னோர் வானப்பிரஸ்தம் என்றனர். இந்தக் காலத்தில் எந்த வனத்துக்குப் போவது? எங்களுக்கு அமைந்த வனம், சக்கரங்களின் மேல் அமைந்த ஒரு சிறு வீட்டின் வழியாக வந்தது.

நம் ஊரில் திரைப்பட நடிகர்கள் படப்பிடிப்பின்போது தங்கும் 'கேரவன்' வண்டியை வாசக அன்பர்கள் கண்டிருக்கக்கூடும். அதே போன்ற வீட்டு வண்டியை இங்கே 'ஆர்.வி.' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். வீட்டை விற்றுவிட்டு, ஆண்டின் எல்லா நாள்களும் இவ்வண்டியிலேயே வாழும் ஓய்வு பெற்ற தம்பதியர் இந்நாட்டில் பலர் உண்டு. பறவைகளைப் போல அவர்கள் குளிர்காலத்தில் தெற்கேயும் கோடையில் வடக்கேயும் இடம் பெயர்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் நாங்களும் அவர்களோடு சேர்ந்தோம். பிள்ளைகள் வருந்தினார்கள், உறவினர்கள் சிரித்தார்கள். "நாடோடிகளைப் போல அலையவா இவ்வளவு உழைத்தீர்கள்?" என்று என் தங்கை தொலைபேசியில் அழுதே விட்டாள்.

எங்கள் வண்டி 24 அடி நீளமுடையது. பின்புறம் ஒரு கட்டில். நடுவில் இரண்டு அடுப்புள்ள சமையல் மேடை, சிறு குளியலறை. முன்புறம் ஓட்டுநர் இருக்கை. கூரையில் சூரிய மின்தகடுகள். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, குளித்த நீருக்கு ஒரு தொட்டி, கழிப்பறைக் கழிவுக்கு ஒரு தொட்டி என மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர் கொள்ளும். ஐந்தாறு நாள்களுக்கு அதைக் கொண்டே இருவரும் குளித்து, சமைத்து, பாத்திரம் கழுவியாக வேண்டும். தண்ணீரைத் தீர்த்தம் போலக் கையாள வேண்டும் என்பதைச் சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறேன். இந்தத் தொட்டியிடம்தான் கற்றுக்கொண்டேன். கழிவுத் தொட்டியை அதற்கென அமைந்த இடத்தில் குழாய் பொருத்திக் காலி செய்வது என் கணவரின் வேலை. ஒரு காலத்தில் நூறு பேர் அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள். "அகங்காரத்தைக் கரைக்க இதைவிட எளிய வழி இல்லை" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அமெரிக்காவில் இன்று 63 தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. பூங்கா என்றதும் பூச்செடிகளையும் ஊஞ்சலையும் எண்ண வேண்டாம். மலைகளும் பள்ளத்தாக்குகளும் காடுகளும் அடங்கிய, சட்டத்தின் காவலில் உள்ள பெருநிலங்கள் அவை. 1872-ஆம் ஆண்டில் அமைந்த எல்லோஸ்டோன் அவற்றுள் முதலாவது. 62 வயது நிரம்பிய குடிமக்கள் 80 டாலர் ஒருமுறை செலுத்தினால், ஆயுள் முழுவதும் எல்லா தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும் அட்டை கிடைக்கும். பூங்காக்களுக்கு வெளியே அரசின் பொது நிலங்கள் பலவற்றில் கட்டணமின்றியே வண்டியை நிறுத்தித் தங்கலாம். ஆனால் பொதுவாக 14 நாள்களுக்கு மேல் ஓரிடத்தில் தங்கக் கூடாது. சாதுர்மாஸ்ய காலம் தவிர, துறவி ஓரிடத்தில் நிலைத்துத் தங்கலாகாது என்ற மரபு எனக்கு நினைவுக்கு வரும். பழகிய மரத்தின் நிழலில் பற்று உண்டாகும் முன்பே புறப்பட்டுவிட வேண்டும்.

ஒன்றரை அடி மாடம்

வீட்டைக் காலி செய்தபோது மேசை நாற்காலிகளைக் கொடுப்பது எனக்குக் கடினமாக இல்லை. பூஜையறையே என்னைக் கலங்க வைத்தது. நாற்பது ஆண்டுகளில் சேர்ந்த படங்கள், விக்கிரகங்கள், வெள்ளிப் பாத்திரங்கள், ஒன்பது படிக் கொலுவுக்கான பொம்மைகள். வண்டியில் அவற்றுக்குக் கிடைத்த இடம் ஒன்றரை அடி அகலமுள்ள ஒரு மாடம் மட்டுமே. பெரிய விக்கிரகங்களை ஊரிலிருந்த ஆலயத்துக்கு ஒப்படைத்தோம். பொம்மைகளை மகள் பெற்றுக்கொண்டாள். மாமியார் தந்த காமாட்சி விளக்கு, தவழும் கண்ணன், ஓர் இராமர் பட்டாபிஷேகப் படம் ஆகிய மூன்றும் எங்களோடு வந்தன.

வண்டி ஓடும்போது விளக்கு ஏற்ற முடியாது. நின்ற பிறகே ஏற்றுவோம். முதல் வெள்ளிக்கிழமை கற்பூர ஆரத்தி காட்டினேன். கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி ஊரைக் கூட்டும்படி அலறிற்று. பக்கத்து வண்டியிலிருந்த முதிய தம்பதியர் தீயணைப்புக் கருவியுடன் ஓடி வந்துவிட்டார்கள்! அன்று முதல் ஆரத்தி வெளியில், கல் மேடை ஒன்றின் மேல். காட்டுத்தீ அச்சத்தால் நெருப்புக்குத் தடை உள்ள மாதங்களில் அதுவும் இல்லை. கண்களை மூடி மனத்தால் காட்டும் ஆரத்தியே.

இந்த மாடத்தில்தான், இருபது மாதங்கள், எங்களுடையதல்லாத ஒரு கல் இருந்தது.

இரண்டு கல்மரக் காடுகள்

நான் பிறந்தது திண்டிவனத்துக்கு அருகில். பௌர்ணமிதோறும் அப்பா எங்களைத் திருவக்கரைக்கு அழைத்துச் செல்வார். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று அது. மும்முக லிங்கமாகச் சந்திரமௌலீசுவரர் அருள்கிறார். வாயிலிலேயே வக்கிரகாளியம்மன் கோலோச்சுகிறாள். ஆலயத்திலிருந்து சிறிது தொலைவில் கல்மரப் பூங்கா இருக்கிறது. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரங்கள் கல்லாகவே மாறிக் கிடக்கும் இடம் அது. "இவை அம்மனின் தலத்தில் மாண்ட வக்கிராசுரனின் எலும்புகள் என்று ஊரார் சொல்வார்கள்" என்று அப்பா சொன்னதுண்டு.

எனக்கு எட்டு வயதிருக்கும். அங்கே ஒரு சிறு கல்மரத் துண்டைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டேன். அப்பா பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. "எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வா, அம்மா" என்றார். மண்ணில் அந்தக் கல் பதிந்திருந்த குழி அப்படியே இருந்தது. அதிலேயே வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின், மார்ச் மாதத்து ஒரு காலையில், அரிசோனாவின் ஹோல்புரூக் என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்டு 'பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட்' தேசியப் பூங்காவை அடைந்தோம். கல்மரக் காடு என்பதே அப்பெயரின் பொருள். வண்டியிலிருந்து இறங்கியவுடன் என் கண்கள் நிறைந்துவிட்டன. திருவக்கரைக்கே வந்துவிட்டது போல இருந்தது. ஆனால் இங்கே கிடந்தவை வண்ண மரங்கள்! குங்குமச் சிவப்பு, மஞ்சள், நாவற்பழ நீலம், வெண்மை, கருமை. அடுக்கி வைத்த விறகுக் கட்டைகள் போல, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அவை வெட்ட வெளியில் கிடந்தன.

இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இப்பாலை ஈரமும் பசுமையும் நிறைந்த நதிநிலமாக இருந்ததாம். வெள்ளத்தில் சாய்ந்த பெருமரங்களை மண்ணும் எரிமலைச் சாம்பலும் மூடின. சாம்பலிலிருந்து கரைந்த சிலிக்கா, நிலத்தடி நீரின் வழியே மரத்துக்குள் ஊறி, அணு அணுவாக மரத்தின் இடத்தைப் பிடித்தது. இரும்பும் மாங்கனீசும் வண்ணம் தீட்டின. மரத்தின் வடிவம் அப்படியே இருக்கிறது. உள்ளிருப்பதோ முழுக்கக் கல். ஒரு கன அடி 70 கிலோவுக்கு மேல் எடை உள்ளது. அருங்காட்சியகத்தின் பின்புறம் கிடக்கும் ஒரு மரம் 35 அடி நீளம், 44 டன் எடை என்றார்கள்.

அங்கிருந்த ஒரு செய்தி என்னைத் திகைக்க வைத்தது. இந்நிலத்தின் தொல்குடிகளான நவஹோ மக்கள், இக்கல்மரங்களைத் தம் முன்னோர் கொன்ற யேயிட்ஸோ என்னும் பேரரக்கனின் எலும்புகள் என்று சொல்லி வந்தார்களாம். உலகின் இரு கோடிகளில், ஒருவரை ஒருவர் அறியாத இரு மக்கள், ஒரே காட்சியைக் கண்டு ஒரே கதையைச் சொல்லியிருக்கிறார்கள்!

நடைபாதையின் ஓரத்தில், கட்டைவிரல் அளவுள்ள ஒரு துண்டு கிடந்தது. பாதி குங்குமம், பாதி மஞ்சள். எவரும் எதையும் எடுக்கலாகாது என்ற அறிவிப்பை வாயிலிலேயே படித்திருந்தேன். ஆயினும் கை நீண்டது. 'இலட்சக்கணக்கில் கிடக்கின்றன, இந்த ஒன்றை அம்பாளின் அருளாக மாடத்தில் வைப்போம்' என்று மனம் ஒரு நியாயம் சொல்லிற்று. புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். இம்முறை 'வைத்துவிட்டு வா' என்று சொல்ல அப்பா இல்லை.

வெளியேறும் வாயிலில் காவல் ரேஞ்சர் வண்டியை நிறுத்தினார். "கல்மரம் ஏதேனும் வைத்திருக்கிறீர்களா?" என்று பணிவுடன் கேட்டார். "இல்லை" என்றேன். வெறும் கைகளை விரித்தும் காட்டினேன்.

அன்றிரவு மாடத்தில் கல்லைக் கண்ட கணவர் வியந்தார். ஹோல்புரூக்கில் கல்மரம் விற்கும் கடைகள் உண்டு. பூங்காவுக்கு வெளியே, தனியார் நிலத்தில் முறைப்படி எடுத்தவற்றை விற்கிறார்கள். "கடையில் வாங்கினேன்" என்றேன். நாற்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அவர் மகிழ்ந்துபோனார். "உன் திருவக்கரையே நம்மோடு வருகிறது" என்று சொல்லி, நாள்தோறும் நீராடிய பின் தம் கையாலேயே அக்கல்லுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வந்தார். ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டு நான் மௌனமாக நின்றேன்.

பெயர் வைத்தால் நம்முடையதாகுமா?

அடுத்த மாதம் கிராண்ட் கேன்யன் சென்றோம். கொலராடோ ஆறு அறுத்துச் செதுக்கிய அப்பெரும்பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளமும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழமும் உடையது. அதனுள்ளிருந்து கோபுரங்களைப் போல எழும்பும் பாறைச் சிகரங்களின் பெயர்களை வரைபடத்தில் படித்தபோது நம்ப முடியவில்லை. விஷ்ணு ஆலயம், சிவன் ஆலயம், பிரம்மா ஆலயம், கிருஷ்ணர், இராமர், மனு!

இந்தியர் எவரும் வைத்த பெயர்கள் அல்ல அவை. 1882-இல் இப்பள்ளத்தாக்கைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியல் அறிஞர், அடுக்கடுக்காக எழும்பும் இப்பாறைகளில் கீழ்த்திசை ஆலயங்களின் சாயலைக் கண்டார். விஷ்ணுவின் பெயரையும் சிவனின் பெயரையும் சூட்டினார். பின்வந்தோரும் அவ்வழியைத் தொடர்ந்தனர். பள்ளத்தின் அடித்தளத்தில் காணும் கரிய பாறைக்கும் விஷ்ணுவின் பெயரே. அதன் வயது சுமார் 170 கோடி ஆண்டுகள்.

மாலை வெயிலில் விஷ்ணு ஆலயம் செம்பொன்னாக ஒளிர்ந்தது. கணவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கள் அருகில் நின்ற ஒரு ரேஞ்சர் மற்றொன்றையும் சொன்னார். பதினொரு தொல்குடிகள் இப்பள்ளத்தாக்கைத் தங்கள் பூர்விகமாகப் போற்றுகிறார்கள். தம் முன்னோர் இதன் ஆழத்திலிருந்தே இவ்வுலகுக்கு வந்தனர் என்பது ஹோப்பி மக்களின் நம்பிக்கை. ஹவாசுபாய் மக்கள் இன்றும் பள்ளத்தாக்கின் உள்ளேயே வாழ்கிறார்கள். "நம் சுவாமியின் பெயரை வைத்துவிட்டதால் இது நம் ஊர் ஆகிவிடாது. அவர்கள் வீட்டுக் கருவறையின் வாசலில் நாம் விருந்தாளிகளாக நிற்கிறோம்" என்றார் கணவர். நான் கைகூப்ப முயன்றேன். பின்னால் நின்ற வண்டியில், மாடத்தில், அந்தக் கல் இருந்தது. என் கைகள் சேர்ந்தன, மனம் சேரவில்லை.

அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் வயோமிங் மாநிலத்து டெவில்ஸ் டவரை அடைந்தோம். சமவெளியிலிருந்து 867 அடி உயரத்துக்கு ஒற்றைத் தூணாக எழும்பும் பாறை அது. 1906-இல் இந்நாட்டின் முதல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தொல்குடியினர் அதைக் கரடியின் இல்லம் என்கிறார்கள். கயோவா மக்களின் கதை இது: கரடிகள் துரத்திய ஏழு சிறுமிகள் ஒரு சிறு பாறையில் ஏறி அதனிடம் வேண்டினார்கள். பாறை விண்ணளவு உயர்ந்தது. கரடிகளின் நகக்கீறல்களே அதன் மேல் காணும் வரிகள். சிறுமிகள் விண்மீன்கள் ஆயினர். எந்த விண்மீன்கள் தெரியுமா? முருகப்பெருமானுக்குப் பாலூட்டியவர்கள் என்று நாம் வணங்கும் கார்த்திகைப் பெண்களின் கூட்டமே அது!

பாறையைச் சுற்றிய பாதையில் மரக்கிளைகள்தோறும் வண்ணத் துணிகள் கட்டப்பட்டிருந்தன. நம் தலவிருட்சங்களில் வேண்டுதலுக்குத் துணி கட்டுவதைப் போலவே, அவை அம்மக்களின் பிரார்த்தனைகள். தொடவேண்டாம் என்று பலகை கேட்டுக்கொண்டது. ஜூன் மாதத்தில் அவர்களின் சடங்குகள் நிகழ்வதால், பாறை ஏறுவோர் தாமாகவே விலகி இருக்கும்படி 1995 முதல் நிர்வாகம் வேண்டிக்கொள்கிறது. ஒரு துணி அவிழ்ந்து மண்ணில் கிடந்தது. எடுத்துக் கட்டலாமா என்று நான் குனிந்தபோது, கணவர் தடுத்தார். "வேண்டாம். சிவன் சொத்து குல நாசம் என்பார்களே, எல்லா ஊர் சுவாமிக்கும் அதுதான் சட்டம்" என்றார் விளையாட்டாக. அவர் அறியாமல் சொன்ன அச்சொல் என்னைச் சுட்டது.

நெஞ்சைப் பிடித்த இரவு

அவ்வாண்டு அக்டோபரில் யூட்டா மாநிலத்துப் பொது நிலம் ஒன்றில் தங்கியிருந்தோம். சுற்றிலும் இருபது கிலோமீட்டருக்கு ஆளில்லை. கைபேசியில் அலைவரிசையும் இல்லை. விண்மீன்களைக் காண்பதற்காகவே அத்தகைய இடங்களை விரும்பித் தேடுவோம். அதிகாலை இரண்டு மணிக்கு அவர் என்னை எழுப்பினார். நெஞ்சில் பாரம், உடலெங்கும் வியர்வை.

ஆஸ்பிரின் மாத்திரையை மெல்லக் கொடுத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தேன். பகலில், நேரான சாலையில் சில முறை மட்டுமே நான் ஓட்டிய வண்டி அது. இருட்டில், கல்லும் குழியுமான மண்பாதையில் 24 அடி வீட்டை ஓட்டிச் சென்றேன். அலமாரிகள் திறந்து பாத்திரங்கள் உருண்டன. மாடத்திலிருந்து ஏதோ விழுந்து தரையில் உருளும் ஓசை கேட்டது. கல் என்று எனக்குத் தெரிந்தது. 'கண்ணா, இவரைக் காப்பாற்று. அதைத் திருப்பி வைத்துவிடுகிறேன்' என்று வாய்விட்டே சொன்னேன். நெடுஞ்சாலையை அடைந்ததும் அலைவரிசை வந்தது. 911 எண்ணை அழைத்தேன். வழியிலேயே ஆம்புலன்ஸ் எதிர்கொண்டது. இரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தினார்கள். இறையருளால் பிழைத்தார்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய மாலை, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கல்லை எடுத்ததை, ரேஞ்சரிடம் மறைத்ததை, அவரிடம் பொய் சொன்னதை. 'என் பாவம்தான் உங்கள் நெஞ்சைப் பிடித்தது' என்று அழுதேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. "அப்படியானால் இருபது மாதங்களாகப் பிறர் பொருளுக்கா நான் சந்தனம் இட்டேன்?" என்று மட்டும் கேட்டார். இரவு முழுவதும் அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஐந்தடி இடைவெளி கூட இல்லாத வண்டியில் அம்மௌனத்திலிருந்து விலகிச் செல்ல எனக்கு வேறு அறை இல்லை.

காலையில் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்: "கட்டைவிரல் அளவு கல்லுக்காக என் உயிரைக் கேட்கிறவர் அல்லர் பகவான். என் நெஞ்சைப் பிடித்தது அறுபது ஆண்டுகளாக நான் உண்ட நெய். நீ பயந்து திருப்பிக் கொடுத்தால், பயம் தெளிந்ததும் வேறொன்றை எடுப்பாய். அது நம்முடையது அன்று. அதனால் திருப்பிக் கொடுப்போம். அது ஒன்றே காரணமாக இருக்கட்டும்."

திரும்ப வைக்க முடியாத கல்

நவம்பரில் மீண்டும் அரிசோனா சென்றோம். சந்தனத்தைக் கழுவி, ஒரு வெள்ளைத் துணியில் கல்லைச் சுற்றி எடுத்துச் சென்றேன். எங்களைவிட மூத்த ஒரு பெண்மணி அன்று பணியிலிருந்தார். அவர் என்னைக் கடியவில்லை. தண்டம் விதிக்கவும் இல்லை. "எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று சரியாகக் காட்ட முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

நடைபாதைக்குப் போய்ப் பார்த்தேன். ஆயிரம் துண்டுகள், ஆயிரம் இடங்கள். இருபது மாதத்து மழையும் காற்றும் என் அடையாளத்தைத் துடைத்துவிட்டன. தோராயமாக ஓரிடத்தைக் காட்டினேன். அவர் தலையசைத்து மறுத்தார். ஒவ்வொரு துண்டும் தான் கிடக்கும் மண்ணடுக்கைக் கொண்டே ஆய்வாளர்களிடம் பேசுகிறது. தவறான இடத்தில் வைத்தால் அது பொய் பேசத் தொடங்கிவிடும் என்று விளக்கினார்.

அப்படியானால் இக்கல் எங்கே போகும்? மனம் வருந்தித் திருப்பி அனுப்பப்பட்ட கற்களைக் கொட்டி வைக்க ஒரு குவியல் இருக்கிறதாம். 'மனச்சாட்சிக் குவியல்' என்றே அதற்குப் பெயர். உலகின் பல மூலைகளிலிருந்தும் அஞ்சலில் கற்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. உடன் வந்த கடிதங்கள் சிலவற்றை அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். படித்தேன். கல்லை எடுத்த பின் நோய் வந்தது, வேலை போயிற்று, குடும்பம் பிரிந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். சிறு குழந்தைகளின் கையெழுத்தில் மன்னிப்புகளும் இருந்தன. சிவன் சொத்து பற்றிய நம் பழமொழியை அறியாத மக்கள், அதையே தத்தம் மொழியில் எழுதியிருந்தார்கள்.

திருவக்கரையில் எட்டு வயதில் நான் எடுத்த கல்லுக்கு ஒரு குழி காத்திருந்தது. அப்பா உடனே சொன்னதால் அது தன் இடத்துக்குத் திரும்பியது. இந்தக் கல்லுக்கு இனி இடமே இல்லை. இருபது கோடி ஆண்டுகள் கிடந்த இடத்திலிருந்து என் ஆசை அதை நிரந்தரமாகப் பெயர்த்துவிட்டது. பிராயச்சித்தம் மனத்தைக் கழுவும். செய்ததைச் செய்யாததாக ஆக்காது. அந்த அம்மையாரின் கையில் கல்லை வைத்தபோது, இதைத்தான் என் கண்ணீர் சொல்லிற்று.

பிள்ளைகள் இப்போது எங்களைத் தம்மோடு வந்துவிடச் சொல்கிறார்கள். இன்னும் ஓராண்டு என்று கேட்டிருக்கிறோம். ஒரு மணி நேரத்தில் மருத்துவமனையை அடையக்கூடிய இடத்தில் மட்டுமே தங்குவது என்று விதி செய்துகொண்டோம். வாரந்தோறும் நானும் வண்டி ஓட்டிப் பழகுகிறேன். ஓராண்டு கழிந்ததும் இந்த வண்டியையும் வேறொரு தம்பதியருக்குக் கொடுத்துவிடுவோம். பெரிய வீடு போயிற்று. சிறு வீடும் போகும். அதற்கப்பால் இந்த உடல் என்னும் வீடும் ஒருநாள் போகும். எதையும் எடுத்துச் செல்லப் போவதில்லை. அதை முன்கூட்டியே பழகிக்கொள்ளத்தானே வானப்பிரஸ்தம்!

அன்று பூங்காவிலிருந்து புறப்பட்டபோது, வெளியேறும் வாயிலில் இளைஞரான ரேஞ்சர் ஒருவர் எங்கள் வண்டியை நிறுத்தினார். "கல்மரம் ஏதேனும் வைத்திருக்கிறீர்களா?" என்று அதே கேள்வியைக் கேட்டார். நான் இரு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று மெல்லத் துடைத்து, அவருக்கு விரித்துக் காட்டினேன். அவருக்கு அது புரிந்திருக்காது. புன்னகையோடு வழிவிட்டார்.

அருகில் அமர்ந்திருந்த என் கணவருக்குப் புரிந்தது. மாடத்தில் கல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அன்று மாலை விளக்கேற்றியபோது, அந்த வெறுமையான இடத்திலும் வெளிச்சம் விழுந்தது. அடுத்த முறை சிவாலயம் செல்லும் அன்பர்கள், சண்டிகேசுவரர் முன் கைகளைத் துடைத்துக் காட்டும்போது ஒரு கணம் கூடுதலாக நின்று வாருங்கள். மெய்யாகவே கைகள் காலியாக இருக்க அவர் நம் அனைவருக்கும் அருள்வாராக!